பிரதிகளும் அனுமதிக்கப்படும்

1

மொண்டெல்லோக் கடற்கரையில் பஸ் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிகரெட் கடை இருக்கிறது. போன கிழமை வேலைக்குப் போகும்போது அதன் சுவரில் புதிதாக ஒட்டியிருந்த விளம்பரம் ஒன்றைப் பார்த்தேன். இறகு செருகிய தொப்பி போட்ட பழைய காலத்து வீரன் ஒருவன் நீளத் துவக்கால் குறி பார்த்துக்கொண்டு நிற்கிறான். குழல்வாய் வழியாக வெடிமருந்து இடித்து நிரப்பும் பழைய துவக்குகளின் வருடாந்தப் போட்டி என்று பெரிய எழுத்தில் இருந்தது. ஆகக் கடைசி வரி சின்ன எழுத்தில்: ‘பிரதிகளும் அனுமதிக்கப்படும்.’

அந்தக் கடைசி வரி என்னால் வந்தது. இத்தாலியின் இந்தப் பலெர்மோ நகரத்தில் அது தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவன் நான். இன்னொருவர் என்னோடு பேசுவதில்லை. மூன்றாமவர் அந்தோனியண்ணை, அவர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டதோடு சரி.

வெளிநாட்டு அனுபவங்களை எழுது என்று ஊரில் இருக்கும் நண்பர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். பெரிய தேவாலயங்களைப் பற்றியும் கடற்கரையைப் பற்றியும் எழுதுவேன் என்று நினைக்கிறார்கள் போலும். கடற்கரையில் நான் கண்டது சாப்பாட்டுக் கடையின் குசினியும், மீன் முள் ஒட்டிய கோப்பைகளும்தான். சொல்வதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த கதை. தமிழில் எழுதினால் வாக்குத் தவறாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு எழுதுகிறேன்.

2

ஊரில் நான் துவக்கோடு சம்பந்தப்பட்ட ஆள்தான். பயந்துவிட வேண்டாம், சுடுகிற சம்பந்தம் இல்லை. வன்னியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளார்க்காக இருந்தேன். துவக்கு லைசென்ஸ் என் மேசையில். வருடம் முடிய விவசாயிகள் தங்கள் இடியன் துவக்குகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவார்கள். பன்றி வெருட்ட வைத்திருக்கும் துவக்குகள். குழலில் வெட்டிய இலக்கத்தைப் பார்த்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, முத்திரை குத்திக் கொடுப்பேன். ‘ஐயா, போன வருசம் மாதிரித்தான் இருக்கு, ஒண்டும் மாறேல்லை’ என்பார்கள். மாறியிருக்கிறதா இல்லையா என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று கொஞ்சம் மிடுக்காகத்தான் இருப்பேன். இப்போது வருடா வருடம் என் பெர்மெஸ்ஸோவை, அதாவது இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதிக் கடதாசியை, ஒரு பிளாஸ்ரிக் பையில் சுற்றிக்கொண்டு குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரின் வரிசையில் நிற்கிறேன். அங்கே இருக்கிற பெடியன் என்னைப் பார்க்கிற பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

பலெர்மோவில் எனக்கு நல்ல வேலை கிடைத்ததும் துவக்கால்தான். சியாகுல்லியில், மண்டரின் பழத் தோட்டங்களுக்கு நடுவில், இந்தப் பழைய துவக்குக்காரரின் சங்கத்துக்கு ஒரு சுடுதிடல் இருந்தது. அதற்குக் காவல்காரன் தேவைப்பட்டது. புல் வெட்ட வேண்டும், இலக்கு அட்டைகளை ஒட்ட வேண்டும், சுட்டு முடிந்ததும் துவக்குகளைக் கழுவ வேண்டும். இருக்க இரண்டு அறை வீடும் தந்தார்கள். சங்கத் தலைவர் வயதான வழக்கறிஞர். எல்லோரும் அவரை அவ்வொக்காத்தோ என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். முதல் நாள் நான் ஒரு துவக்கைக் கையில் எடுத்து, மருந்து இருக்கிறதா என்று இடிகம்பியை உள்ளே விட்டுப் பார்த்த விதத்தைக் கண்டே என்னை வேலைக்கு எடுத்தார். நல்ல மனிதர். நத்தார்ப் பண்டிகைக்குத் தன் பேத்திக்கு வாங்கியது போலவே என் மகளுக்கும் ஒரு கம்பளிச் சட்டை வாங்கித் தந்தார். மகள் கொழும்பில் இருக்கிறாள், அங்கே கம்பளி போட்டால் அவிந்துபோவாள் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஓம், மகள். சுகந்தி. அவளையும் மனைவி மலரையும் கூப்பிடுவதற்காகத்தான் இந்த ஓட்டமெல்லாம். இருவரும் இடம்பெயர்ந்து, வவுனியாவில் மலரின் தமக்கை வீட்டில் கொஞ்சக் காலம் இருந்து, கொழும்புக்குப் போகப் பாஸ் எடுத்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஒற்றை அறையில் இருந்தார்கள். நான் வெளிக்கிடும்போது சுகந்திக்கு எட்டு வயது. இப்போது பதினான்கு. குடும்பத்தைக் கூப்பிட குவெஸ்தூராவுக்கு மூன்று தேவை. வீட்டுக் கடதாசி, அது இருந்தது. பிறப்பு, விவாகப் பதிவுகள்; அசல்கள் கச்சேரிக் கந்தோரோடு எரிந்துபோனதால் பிரதியின் பிரதியை எடுத்து, மொழிபெயர்த்து, மூன்று இடத்தில் முத்திரை குத்தி, இதுதான் அசல் என்று ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்திருந்தேன். மூன்றாவது, நிரந்தர வேலை ஒப்பந்தம். அதில் சங்கத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். ‘வருடாந்தக் கூட்டம் முடியட்டும், போட்டுத் தருகிறேன்’ என்று அவ்வொக்காத்தோ சொல்லியிருந்தார். அவர் சொன்னால் சொன்னதுதான். மலரிடம் போனில் சொல்லியும் விட்டேன். அவள் லொட்ஜில் பக்கத்து அறைக்காரருக்கு அடுப்பைக் கொடுப்பதாகப் பேசியும் வைத்துவிட்டாள்.

3

அந்த வருடம் சங்கத்தில் ஒரு பெரிய தகராறு. போட்டிக்கு எந்தத் துவக்கை விடுவது, எதை விடக்கூடாது?

அவ்வொக்காத்தோவின் கட்சி: நூறு வருடத்துக்கு முன்னர் செய்த அசல் துவக்குகள் மட்டும். எதிர்க்கட்சித் தலைவர் ஒரு நில அளவையாளர், வாய் ஓயாத மனிதர். வடக்கே தொழிற்சாலைகளில் பழைய மாதிரியைப் பார்த்து அச்சொட்டாகச் செய்யும் புதுத் துவக்குகளையும் விட வேண்டும் என்பது அவர் கட்சி. பழங்களைப் பெட்டியில் அடுக்கும் கொட்டிலில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடினார்கள். நான் கோப்பி கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

“அசல் மட்டும் என்றால் ஏழு பேர்தான் சுட வருவோம்” என்றார் அளவையாளர். “அதிலும் மூன்று பேருக்கு இலக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது.”

“ஏழு பேர் போதும். மற்றது விளையாட்டுச் சாமான்” என்றார் அவ்வொக்காத்தோ.

“துவக்கின் உளுத்த மரக்கட்டையைக் கழற்றிப் புதுக் கட்டை போட்டால் அது அசலா? சுத்தியலும் மாற்றி, உள்ளே புதுக் குழாயும் இறக்கினால்? அப்போது எதை நீங்கள் அசல் என்கிறீர்கள், சுடுகிற ஆளையா?”

கொட்டிலே சிரித்தது. அப்போது இளம் பல் வைத்தியர் ஒருவர் எழுந்து, தான் ஒரு புது மாதிரி வாங்கியிருப்பதாகவும், பிளாஸ்ரிக் கட்டை, தூரக் கண்ணாடி எல்லாம் உண்டு என்றும், ஆனால் வாய்வழியாகத்தான் மருந்து போடுவதால் அதையும் விட வேண்டும் என்றும் சொன்னார். அன்று இரண்டு கட்சியும் ஒற்றுமையாக இருந்தது அவரை ஏசிய அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான்.

அளவையாளர் என் பக்கம் திரும்பினார். “சிவா, உங்கள் நாட்டில் இது இருக்கிறதா?”

என் அரைகுறை இத்தாலியனில் இடியனைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர்க் குழாயிலும், உடைந்த லொறியின் ஸ்ரேறிங் கம்பியிலும் கொல்லன் செய்வான், தென்னந்தும்பை அடைத்து இடிப்போம் என்றேன்.

“அது அசலா, பிரதியா?” என்று கேட்டார் அவ்வொக்காத்தோ.

நான் யோசித்தேன். “போன வருடம் செய்தது. ஆனால் அங்கே வேறு மாதிரி ஒன்று இருந்ததே இல்லை.”

சிலர் கைதட்டினார்கள். அவ்வொக்காத்தோவும் சிரித்தார். ஆனால் அளவையாளர் விடவில்லை. “அப்படி அசல் மட்டும்தான் என்றால், வடக்கிலிருந்து ஒரு நிபுணரைக் கூப்பிடுவோம். ஒவ்வொரு துவக்கின் குழலையும் கழற்றிப் பார்க்கட்டும்” என்றார்.

அவ்வொக்காத்தோ மேசையில் ஓங்கி அடித்தார். “வரட்டும்! என்னுடையதில் தொடங்கட்டும்!”

வாக்கெடுப்பு அடுத்த ஞாயிறு என்று முடிவாகியது.

4

அவருடைய துவக்கு அவருடைய பாட்டனின் தகப்பன் சண்டைக்குக் கொண்டுபோன துவக்கு. அப்படித்தான் சொல்வார். வந்தவர் எல்லோருக்கும் சொல்வார்.

கரிமருந்து சுட்ட துவக்கை அன்றே கழுவாவிட்டால் துரு பிடித்துவிடும். குழலைக் கட்டையிலிருந்து கழற்றி, கொதிநீரும் சவர்க்காரமும் ஊற்றி, கறுப்புத் தண்ணீர் வெள்ளையாக வரும் வரை கழுவ வேண்டும். அழுகின முட்டை மணக்கும். எல்லாருடையதையும் கழற்றுவேன், அவ்வொக்காத்தோவுடையதை மட்டும் கழற்றுவதில்லை. ‘பழைய மரம், வெடித்துவிடும், கழற்றாதே’ என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டு வருடம் கழற்றாமலே கழுவினேன்.

அன்று எனக்குக் கந்தோர்ப் புத்தி வந்துவிட்டது. நிபுணர் வந்து கழற்றும்போது அடியில் துரு கிடந்தால் இந்த மனிதருக்கு எவ்வளவு வெட்கம்! மரத்தை வெந்நீர்த் துணியால் சுற்றி வைத்து, ஆப்பை மெல்லத் தட்டி, நோகாமல் குழலைத் தூக்கினேன்.

துரு இல்லை. குழலின் அடிப்பக்கத்தில் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் அச்சாக வெட்டியிருந்தன. ‘பிளாக் பவுடர் ஒன்லி.’ கரிமருந்து மட்டும்.

பாட்டனின் தகப்பன் காலத்தில் கரிமருந்தைத் தவிர வேறு மருந்தே உலகத்தில் கிடையாது. அந்தக் காலத்துக் கொல்லன் ‘மட்டும்’ என்று ஏன் வெட்டப் போகிறான்? தொழிற்சாலைப் பிரதி. குழலின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். அங்கேயும் ஏதோ இருந்து, யாரோ அரத்தால் ராவி எடுத்திருந்தார்கள். கீழே இருந்ததை விட்டுவிட்டார்கள்.

நிபுணர் வந்தால் அவர் மானம் போகும், பதவியை விட்டு விலகுவார், என் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. இதை நான் யோசிக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் சத்தியமாக, முதலில் யோசித்தது அவருடைய மானத்தைத்தான்.

எங்கள் கந்தோரில் ஒரு வழக்கம் இருந்தது. பெரியவர் ஒருவருடைய கோப்பில் பிழை கண்டால் சிவப்பு மையால் வட்டம் போடமாட்டோம். கணக்குப் பார்க்கும் ஓடிற்காரர் வருவதற்கு முதல், அவரைத் தனியாகக் கண்டு, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி, ‘சேர், எனக்கு மட்டும்தான் தெரியும், ஒருவருக்கும் சொல்லேல்லை, நீங்கள் யோசியாதேங்கோ’ என்போம். அவர் திருத்திக்கொள்வார். பிறகு அதைப் பற்றிப் பேச்சே எழாது. அப்படிச் சொல்லத் தெரிந்தவனைத்தான் நம்பிக்கையான கிளார்க் என்பார்கள். பதினோரு வருடம் நான் நம்பிக்கையான கிளார்க்.

5

புதன்கிழமை பின்னேரம் துவக்கை எடுக்க வந்தார். முகம் வழித்து, நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை இத்தாலியனில், தமிழ் எழுத்தில், துண்டில் எழுதிப் பாடமாக்கியிருந்தேன். கோப்பி கொடுத்தேன். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

“அவ்வொக்காத்தோ, உங்கள் துவக்கைக் கழற்றினேன். கீழே இருப்பதைக் கண்டேன்” என்றேன். “எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருவருக்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்கள் அமைதியாக இருக்கலாம்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். துணியைப் பிரித்துத் துவக்கைப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கியது, அவருக்கு முன்னமே தெரியும்.

“வேறு யாருக்குத் தெரியும்?”

“ஒருவருக்கும் தெரியாது. நிபுணர் வந்தால்தான் தெரியவரும். பிரதிகளையும் விட்டால் நிபுணர் தேவையில்லை.”

“உனக்கு என்ன வேண்டும்?”

“எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்றேன். உண்மையிலேயே நெகிழ்ந்துபோய்த்தான் சொன்னேன்.

அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ஐயோ, வெட்கப்பட வைத்துவிட்டேனே என்று எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. பேச்சை மாற்றினால் அவருக்கு லேசாக இருக்கும் என்று நினைத்து, நல்ல விஷயம் ஒன்றைக் கேட்டேன்.

“உங்கள் பேத்தி இப்போது எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறா?”

அவர் எழுந்தார். துவக்கை எடுத்துக்கொண்டு போனார். காரில் ஏறப் போகும்போது வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றதைப் பார்த்தேன். வயது போய்விட்டது, பாவம் என்று நினைத்தேன். அன்று நான் செய்த காரியத்தில் எனக்கு மெத்தத் திருப்தி.

6

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். அவ்வொக்காத்தோ எழுந்து, காலத்தோடு போக வேண்டும், பிரதிகளையும் விடுவோம், நிபுணர் ஒன்றும் வேண்டாம் என்றார். அளவையாளர் பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. பல் வைத்தியரின் தூரக் கண்ணாடியை மட்டும் விடவில்லை. நான் கொட்டிலின் மூலையில் கோப்பித் தட்டோடு நின்று, அவர் என்னை ஒரு தரம் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் அளவையாளர் ஒரு கடிதம் கொண்டுவந்தார். சங்கத்துக்குக் காவல்காரன் இனித் தேவையில்லை, மாத முடிவில் வீட்டை ஒப்படைக்க வேண்டும். அவ்வொக்காத்தோவின் கையெழுத்து. ஒப்பந்தத்தில் விழ வேண்டிய அதே அழகான கையெழுத்து.

“எனக்கு விளங்கவில்லை, சிவா. அவர் உன்னைப் புகழாத நாளில்லையே. உங்களுக்குள் என்ன நடந்தது?” என்று அந்த வாய்க்காரர் கேட்டார்.

ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான். “ஒன்றும் இல்லை” என்றேன்.

பிரான்காச்சோவில் இருக்கும் அந்தோனியண்ணையிடம் போனேன். மன்னார்க்காரர், பன்னிரண்டு வருடமாக இங்கே ஒரு கத்தோலிக்கக் கோயிலில் சாமிமாரின் வேலையெல்லாம் பார்க்கிறார். இந்த நகரத்தின் உள்ளும் புறமும் தெரிந்தவர். முழுவதையும் கேட்டார். பேத்தி இடம் வந்தபோது இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ தம்பி, கதவையும் சாத்தினனியே?”

“ஓம் அண்ணை. மரியாதைக்குத்தானே.”

“எனக்கு மட்டும்தான் தெரியும், ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அமைதியா இருங்கோ... இஞ்சை ஆக்கள் இப்பிடிக் கதைக்கிறது வெருட்டேக்கைதான். என்ன வேணும் எண்டு அந்தாள் கேக்க, ஒண்டும் வேண்டாம் எண்டிருக்கிறாய். பெரிசா ஏதோ கேக்கப் போறாய் எண்டுதான் அந்தாள் விளங்கியிருக்கும். அதுக்கு மேலை பேத்தியின்ரை பள்ளிக்கூடத்தை வேறை விசாரிச்சிருக்கிறாய்!”

அவ்வொக்காத்தோவின் வீட்டுத் தெருவில் ஒரு நீதிபதியின் வாசலில், மாபியாவிடமிருந்து அவரைக் காக்க, ஆமிக்காரர் மணல் மூட்டைக்குப் பின்னால் நிற்பார்கள். அந்தத் தெருவில் ஒவ்வொரு நாளும் நடக்கிற மனிதர் அவ்வொக்காத்தோ. எங்கள் ஊரில் ஆமிக்காரனைக் கண்டால் எப்படி வாயைப் பொத்துவோம் என்று தெரிந்த எனக்கு, இந்த ஊரின் பயம் எதில் இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது.

“போய் மன்னிப்புக் கேக்கட்டே, அண்ணை?”

“வீட்டு வாசல்லை போய் நிண்டியெண்டா அது இன்னும் பெரிய வெருட்டு.”

“அப்ப ஒரு கடிதம்?”

“கடிதமோ? விசரே உனக்கு? பொலிசுக்குக் குடுக்க அந்தாளுக்கு எழுத்திலையே ஒண்டு வேணுமே?”

“நீங்கள் போய்ச் சொன்னா?”

“நான் போனா, ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டது பொய்யாப்போம். விடு தம்பி. அந்தாளுக்குக் கிட்டப் போகாதை. அதுதான் இனி நீ செய்யக்கூடிய ஒரே மரியாதை.”

எல்லாப் பக்கமும் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒன்றும் செய்ய முடியாது. குவெஸ்தூராவில் வரிசையில் நின்று, ஒப்பந்தம் இல்லை என்றேன். அந்தப் பெடியன் கோப்பைத் திருப்பித் தந்தான். வேறு வேலை கிடைத்தால் வரலாம், ஆனால் மொழிபெயர்ப்புகளின் தவணை அதற்குள் முடிந்துவிடும், திரும்பப் புதிதாக எடுக்க வேண்டும் என்றான். மரியாதையாகத்தான் சொன்னான்.

மொண்டெல்லோவில் கோப்பை கழுவும் வேலைக்கு ஒப்பந்தம் கிடையாது. கோடையில் கூப்பிடுவார்கள், மழைக்கு நிற்பாட்டுவார்கள்.

7

மலரிடம் சொல்லாமல் இரண்டு கிழமை இழுத்தேன். பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் தெருவோரப் போன் கூண்டுக்குள் நின்று, லொட்ஜின் நம்பருக்கு எடுத்தேன். முதலாளி போய்க் கூப்பிட்டு வர, போன் கார்ட்டில் பாதி போய்விட்டது. நடந்ததைச் சுருக்கிச் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

“நீங்கள் சொன்னதிலை என்ன பிழை?” என்றாள். “நான் எண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன். பேத்தியை விசாரிக்கிறதும் ஒரு குற்றமே?”

அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு நாளில் என்னை விளங்கிக்கொண்ட ஒரே ஆள் அவள். அவள் இங்கே வந்திருந்தாலும் இருவருமாக அதே கதவைத்தான் சாத்தியிருப்போம் என்றும் அந்த நேரமே தோன்றியது.

“நீங்கள் ரெண்டு பேரும் இனி என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டேன். லொட்ஜில் பொலிஸ் பதிவு கடுமையாகிவிட்டது, வவுனியாவில் தமக்கை வீட்டுக்கே திரும்பிப் போகலாம் என்று யோசிப்பதாகச் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றால் வேறு எங்கே என்று சொல்ல வேண்டுமே.

“பிள்ளையோடை கதையுங்கோ. அவளுக்கு இன்னும் சொல்லேல்லை. நீங்களே சொல்லுங்கோ.”

சுகந்தி வந்தாள். பேசும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் மூச்சு விடுவாள். அது எனக்குப் பழக்கம்.

“குஞ்சு, இத்தாலிக்கு வாறது இப்போதைக்குச் சரிவராது போலை கிடக்கு. அப்பாவின்ரை வேலை போட்டுது.”

மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்துக் காதை இன்னும் இறுக்கி வைத்தேன்.

“உண்மையாவே அப்பா? அப்ப நாங்கள் வரத் தேவையில்லையே?”

ஆறு வருடத்தில் அவள் குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கேட்டதில்லை. பிறகு நல்லாகக் கதைத்தாள். வவுனியாவில் பழைய பள்ளிக்கூடம், சிநேகிதிகள், அங்கே தான் விட்டுவந்த இடம் இன்னும் இருக்கும் என்று ரீச்சர் சொன்னது என்று, கார்ட் முடியும் வரை கதைத்துக்கொண்டே இருந்தாள்.